கீழ் லயத்துக்கு இறங்கிய தேர்

கம்பளையில் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாவலப்பிட்டியில் ரயிலுக்குப் பின்னாலும் ஓர் எஞ்சின் பூட்டினார்கள். கலபொடையைத் தாண்டியதும் ஜன்னலைச் சாத்தும்படி எதிரே இருந்த அம்மாள் கேட்டுக்கொண்டார். வட்டவளையில் மழை. ரொசல்லையிலும் மழை. அட்டனில் இறங்கும்போது காலை பத்தரை மணி. வெயில் இருக்கவேண்டிய நேரத்தில், மேடையில் நின்றவர்களின் முகம் தெரியாத அளவுக்கு மூடுபனி. வந்தது முப்பது மைல்தான். பங்குனி மாதத்தில் எனக்குப் பல் கிட்டித்தது. குளிரில்தான் கிட்டிக்கிறது என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

வாசகர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் போன தோட்டம் பொகவந்தலாவைக்கு அப்பால் இருக்கிறது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. என் ஊர் யாழ்ப்பாணத்தில், வடமராட்சிப் பக்கம். அதன் பெயரும் இதில் வராது. ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். நான் பிறவியிலேயே பயந்த சுபாவம் உள்ளவன். அந்தப் பயத்துக்குக் காரணமும் பிறவிதான்.

எங்கள் ஆட்கள் பனை ஏறுகிறவர்கள். ஊர்க் கோயிலின் பின்மதிலுக்கு அப்பால் எங்கள் குடிசைகள். மதிலுக்கு உள்ளே நாங்கள் கால் வைத்ததில்லை. எனக்குத் தேவாரம் மதிலுக்கு வெளியே நின்று காதால் கேட்டு வந்தது. எங்களில் ஒருவர் கோயில் கேணியில் முகம் கழுவினார் என்பதற்காகப் பட்டப்பகலில் எங்கள் குடிசைகள் எரிக்கப்பட்டதைக் கண்டிருக்கிறேன். படிப்பை இடையில் நிறுத்திச் சில வருஷம் நானும் அப்பாவோடு மரம் ஏறினேன். பிறகு ஒரு பாதிரியார் தயவில் படித்து, பயிற்சிக் கல்லூரிக்குப் போய், இப்போது கம்பளையில் ஆசிரியன். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு, திருத்தமான பேச்சு. மரத்தை நெஞ்சோடு அணைத்து ஏறியதில் விழுந்த காய்ப்பு மட்டும் போகவில்லை. இரண்டு பக்கமும் கறுத்துத் தடித்துக் கிடக்கிறது. அது சட்டைக்கு உள்ளே இருக்கும்வரை நானும் எல்லோரையும் போல ஒரு மனிதன்.

பயிற்சிக் கல்லூரியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் மாணிக்கம். தன் தோட்டத்துப் பாடசாலையிலேயே இப்போது படிப்பிக்கிறான். அவர்களுடைய மாரியம்மன் திருவிழாவுக்கு வா வா என்று ஒவ்வொரு வருஷமும் நச்சரிப்பான். அவன் என்னிடம் ஒருநாளும் சாதி கேட்டதில்லை. கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருந்தான். தோட்டங்களுக்கு வருகிற யாழ்ப்பாணத்தார் கிளாக்கராகவும் டிஸ்பென்சராகவும் வாத்தியாராகவும் வருவதால், யாழ்ப்பாணத்தான் என்றாலே பெரிய சாதி, சைவச் சாப்பாடு, சாஸ்திரம் தெரிந்தவன் என்று மலைநாட்டில் பலருக்கும் ஓர் எண்ணம். நான் அதைத் திருத்தவில்லை. திருத்தியிருந்தால் ஒரே அறையில் இருந்திருப்போமா என்பது எனக்குத் தெரியாது.

அட்டனிலிருந்து பொகவந்தலாவைக்கு ஏறக்குறையப் பதினைந்து மைல். பஸ்ஸுக்கு எழுபத்தைந்து சதம் கொடுத்தேன். டிக்கோயா, நோர்வூட் என்று போகப்போகப் பாதை ஒடுங்கிக்கொண்டே வந்தது. ஒரு பக்கம் தேயிலை ஏறியது, மறுபக்கம் தேயிலை இறங்கியது. வளைவுகளில் பஸ்ஸின் பின்பாதி பாதையில் இருக்கிறதா இல்லையா என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது. கண்டக்டர் “இஸ்ஸரஹாட்ட, இஸ்ஸரஹாட்ட” என்று சிங்களத்தில் ஆட்களை முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். நோர்வூட்டில் ஒரு பெரியவர் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார். கம்பளிக் கோட்டு, கையில் குடை, நெற்றியில் மூன்று குறி கலையாத திருநீறு. என்னைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், முகம் மலர்ந்துவிட்டது.

“நீர் எவடம்?” என்றார்.

யாழ்ப்பாணத்தில் இந்த விசாரணைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் எவடம், அதாவது எந்த இடம். அடுத்து எந்தக் கோயிலடி. அதற்கும் பதில் வந்தால், ஆற்றை மகன், யாருடைய மகன். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொன்னால் மனிதனின் ஏழு தலைமுறையும் கேட்டவர் மடியில் வந்து விழுந்துவிடும். பருத்தித்துறைப் பக்கம் என்றேன். பக்கம் என்றால் எந்தப் பக்கம், எந்தக் கோயிலடி என்றார். கோயிலின் பெயரைச் சொன்னேன். அதில் பொய் இல்லை. கோயிலுக்கும் எங்கள் குடிசைக்கும் நடுவில் மதில் மட்டும்தான் இருந்தது.

“கோயிலடி ஆக்களோ! அதுதானே பாத்தன். அப்ப பெரிய வளவுக்காரர்” என்று அவரே முடிவு கட்டினார். பெரிய வளவுக்காரர் கோயில் தர்மகர்த்தா குடும்பம். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மூன்றாவது கேள்வி வரவில்லை. தப்பினேன் என்று நினைத்தேன். ஆனால் அவர் போகிற இடமும் நான் போகிற தோட்டம்தான். அங்கே அவர் டிஸ்பென்சர், மருந்து கொடுக்கிறவர், பெயர் நாகலிங்கம் என்று தெரிந்தபோது, மூன்றாவது கேள்வி தள்ளித்தான் போயிருக்கிறது என்று விளங்கியது.

பகல் ஒரு மணிக்குத் தோட்டத்துச் சந்தியில் இறங்கினோம். மாணிக்கம் குடையோடு நின்றான். மலைச்சரிவில் வரிசையாக லயங்கள், அதாவது பக்கத்துப் பக்கத்தில் ஒரே கூரையின் கீழ் கட்டப்பட்ட தொழிலாளர் அறைகள். மேலே மூன்று லயங்கள், நடுவில் கோயில், அதற்கும் மேலே தோட்டத்தை நடத்துகிற வெள்ளைக்காரத் துரையின் பங்களா. மேல் லயத்துக்கு ஒரு பீலி இருந்தது, மலையூற்றிலிருந்து தகரத்தில் வந்து விழுகிற தண்ணீர். பெண்கள் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நீண்ட படிகளுக்குக் கீழே பள்ளத்தில் இன்னொரு லயம், இன்னொரு பீலி. கீழே உள்ளவர்களுக்குத் தனிப் பீலியா என்று ஒன்றும் தெரியாதவன் போலக் கேட்டேன். அவங்க வேற ஆளுங்க என்றான் மாணிக்கம், மழை வரப்போகிறது என்று சொல்கிற குரலில். எனக்கு அந்த இரண்டாவது பீலியைப் பார்த்ததும் ஊருக்கே திரும்பி வந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது.

மாலை ஐந்து மணிக்குக் கோயில் பூசை. ஆண்கள் சட்டையைக் கழற்றி நின்றார்கள். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி நான் சால்வையை நெஞ்சு மறையச் சுற்றிக்கொண்டேன். யாழ்ப்பாணத்து ஐயா தேவாரம் பாடவேண்டும் என்றார்கள். பாடினேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கோயிலுக்கு உள்ளே நின்று பாடுகிறேன். மனம் உருகியிருக்கவேண்டும். எனக்கோ இரண்டு இடத்தில் அடி தப்பியது, யாரும் கவனிக்கவில்லை. பாடி முடித்ததும் பெரிய கங்காணி வந்தார். தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து கூலிக்கு ஆள் கட்டி வந்தவரின் மகன். கோயில் அவர் கையில் இருந்தது. முதல் மரியாதை இவருக்குக் கொடுக்கலாமா என்று டிஸ்பென்சரைத் தனியாகக் கேட்டார். டிஸ்பென்சர் எல்லோருக்கும் கேட்கும்படியாகப் பதில் சொன்னார்.

“இவரின்ரை ஆக்களை எனக்கு நல்லாத் தெரியும். பரம்பரைக் கோயில்காரர்.”

அவருக்கு என் ஆட்களைத் தெரியாது. என் அப்பாவின் பெயர்கூடத் தெரியாது. ஆனால் ஒரு யாழ்ப்பாணத்தானின் குலம் தனக்குத் தெரியவில்லை என்று இன்னொரு யாழ்ப்பாணத்தான் பிற ஊரில் ஒத்துக்கொள்வது மானக்கேடு. என் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். அந்தத் துணி எனக்குக் கல்லாகக் கனத்தது.

மறுநாள் தேர். துரைக்கு இரவில் சத்தம் பிடிக்காது என்பதால் பகலில்தான் தேர் போகும். தேர் என்று சொன்னாலும் மூங்கிலில் கட்டி வர்ணக் காகிதம் ஒட்டி, தோளில் தூக்கிப் போகிற சப்பரம்தான் அது. காலை ஏழு மணிக்குக் கோயில் முன்னால் சனம் கூடிவிட்டது. ஆனால் தப்புச் சத்தம், பறைச் சத்தம், கேட்கவில்லை. தப்படிக்கிறவர்கள் கீழ் லயத்து ஆட்கள். அவர்கள் படிக்கட்டின் தலைப்பில் தப்பைத் தோளில் மாட்டிக்கொண்டு சும்மா நின்றார்கள். முன்னால் நின்றவர் வேலு, கீழ் லயத்துக்காரர், தோட்டத்து யூனியன் தலைவர். துரையோடு நாற்காலி போட்டுப் பேசுகிறவர், கோயில் வாசலுக்கு மட்டும் வரமுடியாது.

தேர் மூன்று மேல் லயத்துக்கும் போகும், தேயிலை அரைக்கிற ஸ்டோருக்குப் போகும், பங்களாவுக்குப் போகும். கீழ் லயத்துக்குப் போகாது. இதுவரை அப்படித்தான் நடந்திருக்கிறது. தப்பு எல்லா இடத்துக்கும் முன்னால் போகும், அடிக்கிறவன் வீட்டுக்கு மட்டும் சாமி வராது. இந்த வருஷம் சாமி வராவிட்டால் தப்பும் அடிக்கமாட்டோம் என்றார் வேலு. சத்தம் போடவில்லை.

“தொர வீட்டு வாசலுக்குப் போற ஆத்தா எங்க வாசலுக்கு வந்தா என்னங்க? தொர வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு எல்லாருக்கும் தெரியும்.”

மேல் லயத்து இளைஞர்கள் சிலர் இடுப்பில் கையை வைத்தார்கள். இடுப்பில் கவ்வாத்துக் கத்தி இருந்தது. தேயிலைச் செடி வெட்டுகிற கத்தி, வளைந்தது, பெருவிரல் மொத்தக் கிளையை ஒரே வீச்சில் எடுக்கும். கீழ்ப் படியில் நின்றவர்களிடமும் அதே கத்தி இருந்தது. நான் பின்வாங்கி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டேன். எனக்குக் குடிசை எரிகிற மணம் வந்தது.

கங்காணி வயதானவர், புத்தியுள்ளவர். தப்பு இல்லாமல் தேர் போனால் துரை முன்னால் தலைகுனிவு, வெட்டுக்குத்து நடந்தால் போலீஸ். ஆனால் கோயில் பூசாரியான பண்டாரம் கீழே இறங்கிப் பூசை செய்ய முடியாது என்று ஒரே பிடியாக நின்றார். கங்காணியின் கண் கூட்டத்தைச் சுற்றி வந்து என்மேல் நின்றது. என்ன வரப்போகிறது என்று எனக்கு விளங்கிவிட்டது.

“யாழ்ப்பாணத்து ஐயா தேரோட போயி தீபம் காட்டட்டும். பெரிய எடத்து ஆளு. அவுரு போனா நம்ம சனத்துக்கும் கொறை இல்ல, அவங்களுக்கும் கொறை இல்ல.”

ஏற்பாடு இதுதான். தேர் லயத்து வாசல்வரை போகும். மேல் லயத்து ஆட்களே தூக்குவார்கள். கீழே உள்ளவர்கள் தொடக்கூடாது. நான் தீபம் காட்டி, திருநீறு கொடுக்கவேண்டும். டிஸ்பென்சர் தட்டம் பிடிப்பார். நான் பெரிய சாதிக்காரன் என்பதால்தான் இதெல்லாம் சரி. அந்த ஒரு பொய்யில்தான் தேர் நின்றது. நான் யார் என்று தெரிந்தால் கோயில் தீட்டுப்பட்டது என்பார்கள். இரண்டு பக்கத்துக் கத்தியும் வெளியே வரும். முடியாது என்று சொல்லியிருக்கலாம். அப்போதும் கத்தி வெளியே வரும். சால்வையை இறுக்கிக்கொண்டு தலையாட்டினேன். தப்பு முழங்கியது.

பங்களாவில் துரை படியில் நின்று, கால்சட்டைப் பையில் கையை விட்டுக்கொண்டு, தேருக்குத் தலையசைத்தார். அவருக்கு மாலை போட்டார்கள். ஸ்டோரில் வெள்ளைத் துணி விரித்துத் தேரை இறக்கி வைத்தார்கள். மூன்று லயத்திலும் ஆரத்தி. பிற்பகல் மூன்று மணிக்குக் கீழ்ப் படிக்கட்டின் தலைப்பில் வந்து நின்றோம். அங்கே மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. தூக்கியவர்களில் இரண்டு பேர் தோளை எடுத்துவிட்டு ஒதுங்கினார்கள். வேறு இரண்டு பேர் தோள் கொடுத்தார்கள். கங்காணி பாதிப் படிவரை வந்து, அதற்கு மேல் இறங்காமல் நின்றுகொண்டார்.

அந்தப் படிகளில் நான் இறங்கியதைப் போல என் அப்பா காற்றடிக்கிற நாளில் பனையிலிருந்துகூட இறங்கியிருக்கமாட்டார். ஒவ்வொரு படியும் பாசி. பக்கத்தில் தட்டத்தோடு வந்த டிஸ்பென்சர், பெரிய வளவுக்காரரின் மூத்த பெண் எங்கே கட்டியிருக்கிறாள் என்று மெல்ல விசாரித்தார். படி வழுக்குகிறது என்றேன்.

கீழே வாசல் முழுவதும் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். பச்சைத் தேயிலைக் கிளையில் தோரணம். மாவிளக்குகள் வரிசையாக எரிந்தன. ஆனால் ஆட்களைக் காணவில்லை. சற்றுப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, லயத்தின் சுவரோடு சுவராக எல்லோரும் ஒட்டி நின்றார்கள். சாமி வரவேண்டும் என்று கத்தியோடு நின்றவர்கள், சாமி வந்ததும் கிட்ட வரப் பயந்து நின்றார்கள். தீபம் காட்டினேன். முதலில் வேலுவின் மனைவி செல்லம்மாவைத்தான் முன்னால் அனுப்பினார்கள். கொழுந்து பறிக்கிற பெண், விரல் நுனியெல்லாம் கறை. எட்ட நின்று, இடுப்பை மடித்து, இரண்டு கையையும் தாழ்த்திக் குவித்து நீட்டினாள். நான் மேலேயிருந்து திருநீற்றைப் போடவேண்டும். கை படக்கூடாது.

என் அம்மா எங்கள் ஊரில் அப்படித்தான் நிற்பாள். அதே மடிப்பு, அதே தாழ்வு. யோசித்துச் செய்தேன் என்று சொன்னால் பொய். இரண்டு எட்டு வைத்து, குனிந்து, என் விரலால் அவள் நெற்றியில் திருநீறு பூசினேன்.

தப்பு நின்றுவிட்டது. குனிந்தபோது சால்வை நழுவி என் முழங்கையில் விழுந்திருந்தது. நிமிர்ந்தபோது டிஸ்பென்சர் என் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், அதிலும் வைத்தியம் தெரிந்தவர். அந்தக் காய்ப்பு எப்படி வரும் என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. அவர் முகத்தில் இரத்தம் இறங்கிப் போனதைக் கண்டேன். ஆறேழு கத்திகளுக்கு நடுவில், ஒரு வாய்ச்சொல் தூரத்தில் நான் நின்றேன்.

“ஐயா தொட்டுட்டாருங்க” என்று தேர் தூக்கியவன் ஒருவன் மேலே பார்த்துச் சொன்னான்.

படியில் நின்ற கங்காணி டிஸ்பென்சரைப் பார்த்தார். எல்லோரும் டிஸ்பென்சரைத்தான் பார்த்தார்கள். அவர் தட்டத்தைத் தரையில் வைத்தார். என் சால்வையை எடுத்து என் நெஞ்சை மூடி இறுக்கிக் கட்டினார். முடிச்சு இரண்டு தரம் நழுவியது. பிறகு மேலே திரும்பி உரத்த குரலில் பேசினார்.

“இதுதான் யாழ்ப்பாணத்து முறை. சாமி இறங்கி வந்த இடத்திலை தீட்டில்லை. தெரியாட்டில் கேட்டுத் தெரிஞ்சுகொள்ளுங்கோ.”

யாழ்ப்பாணத்து முறை என்றால் அதில் சாஸ்திரம் இருக்கும் என்று கங்காணி தன் ஆட்களிடம் சொல்லிவிட்டு, அடியுங்கடா என்று தப்புக்காரரைப் பார்த்துக் கையை ஆட்டினார். சுவரோடு நின்றவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருடைய நெற்றியையும் தொட்டேன். பயம் மட்டும் கடைசி ஆள்வரை விடவில்லை.

மறுநாள் காலை ஆறரை பஸ்ஸுக்குச் சந்தியில் நின்றேன். மாணிக்கம் வழியனுப்பிவிட்டுப் பாடசாலைக்கு ஓடிவிட்டான். வேலு ஒரு காகிதச் சரையில் மடித்த தேயிலையோடு வந்தார். செல்லம்மா நேற்றிலிருந்து நெற்றியைக் கழுவவில்லை என்று சொல்லிச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. அடுத்த வருஷமும் தேர் கீழே போகலாம், ஆனால் யாழ்ப்பாணத்து ஐயாதான் வந்து நடத்தவேண்டும் என்று கங்காணி கமிட்டியில் சொல்லிவிட்டாராம்.

“வந்துருவீங்கள்ல ஐயா? நீங்க இல்லாட்டி ஆத்தா எறங்க மாட்டா.”

பார்க்கலாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். வருகிறேன் என்றுதான் வந்தது. வேலு பெரட்டுக்கு, ஆள் எடுக்கிற இடத்துக்கு, நேரமாகிறது என்று போய்விட்டார். அவர் போகும்வரை மரத்தடியில் நின்ற டிஸ்பென்சர் அதன் பிறகு பக்கத்தில் வந்தார்.

“ஆற்றை மகன் எண்டு நான் இனிக் கேக்கேல்லை” என்றார். “நேற்று நான் உமக்காகச் சொல்லேல்லை. உம்மைத் தெரியும் எண்டு சொன்ன வாய் இது. அதுக்காகச் சொன்னனான்.”

தெரியும் என்றேன். பஸ்ஸின் சத்தம் வளைவுக்கு அப்பால் கேட்டது. இனி இந்தப் பக்கம் வராதே என்று சொல்வார் என்று காத்திருந்தேன்.

“வருசா வருசம் வாரும். நீர் வராட்டில் ஏன் வரேல்லை எண்டு என்னைத்தான் கேப்பினம்” என்றார். குடையை விரித்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார். பின்னாலிருந்து பார்த்தபோது அவரும் என்னைப் போலவே தோளைக் குறுக்கிக்கொண்டு நடப்பது தெரிந்தது.

இதை எழுதுவது எங்கள் ஊரில், ஆவணி விடுமுறையில். எங்கள் கோயிலில் திருவிழா நடக்கிறது. நேற்றுத் தேர். தேர் பின்வீதிக்குத் திரும்பியபோது மதிலுக்கு அப்பால் பனையடியில் நாங்கள் நின்றோம். அம்மா கையைத் தலைக்கு மேல் குவித்தாள். எனக்குத் தெரிந்த தேவாரத்தை நான் வாய்க்குள்ளேயே பாடினேன். பெரிய வளவுக்காரர் பரிவட்டத்தோடு முன்னால் போனார். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. சாமி இறங்கி வந்த இடத்தில் தீட்டில்லை, அதுதான் யாழ்ப்பாணத்து முறை என்று பொகவந்தலாவைக்கு அப்பால் ஒரு மலையில் இப்போது சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அதை ஒருவர் சொல்லியும் நான் கேட்டதில்லை. பங்குனிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. பயம் இப்போதே வந்துவிட்டது. போகத்தான் போகிறேன்.